தேற்றாத்தீவில் கண்ட உறைபனி

கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் எழுவான்கரையில் ஆடி மாதத்திற் பயணஞ் செய்தவர்களுக்குக் கச்சான் காற்று எத்தகையது என்பதை எடுத்துரைக்க வேண்டியதில்லை. மழையை மேற்கு மலைகளுக்கு அப்பாலேயே கொட்டிவிட்டு, வறண்டு காய்ந்து கீழிறங்கும் அக்காற்று, வாவியின் நீர்ப்பரப்பைக் கடந்து வந்த பின்னும் தன் சூட்டை விடுவதில்லை. அத்தகைய நாளொன்றில், பயண வான் ஒன்றின் கூரையினுள்ளே அரை அங்குலத் தடிப்பில் வெண்பனி உறைந்திருக்கக் கண்டோம் என்று நாம் சொன்னால் நேயர்கள் நகைக்கக் கூடும். ஆயினும் கண்டது உண்மை. கண்ட இடம் தேற்றாத்தீவு.

தந்தையார் மறைந்த பின், ஆண்டுதோறும் ஆடி அமாவாசைக்குத் திருக்கோவில் சென்று, சித்திரவேலாயுத சுவாமி ஆலயத்தின் முன்னுள்ள கடலில் தீர்த்தமாடி வருவது எமது வழக்கம். மட்டக்களப்பு நகரிலிருந்து எழுபது கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழி. சென்ற ஆண்டுவரை பேருந்திலேயே போய் வந்தோம். அவ்வாண்டு திரும்பும் வழியில் அன்னையார் வெயிலில் மயங்கிச் சாய்ந்துவிட்டார். எழுபத்தாறு வயது, இரத்த அழுத்தத்துக்கு நாளும் இரண்டு குளிசை. "இனி வெக்கையில் நீண்ட பயணம் வேண்டாம்" என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டமையால், இம்முறை குளிரூட்டிய வான் ஒன்றை வாடகைக்கு அமர்த்தினோம். சாரதி எமது பழைய மாணவர். வான் லீசிங்கில் எடுத்தது. பள்ளிக்கூட நாட்களில் படுவான்கரைக் கிராமங்களிலிருந்து மாணவரை ஏற்றி இறக்குவதும், விடுமுறை நாட்களில் இவ்வாறு குடும்பங்களைச் சுற்றுலாவுக்கும் கோயில்களுக்கும் அழைத்துச் செல்வதும் அவருடைய சீவனோபாயம்.

விடியுமுன் கல்லடிப் பாலத்தைக் கடந்தோம். 1924ஆம் ஆண்டின் பழைய இரும்புப் பாலமும் 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலமும் அருகருகே கிடப்பதைக் கண்ட அன்னையார், பாடும் மீனின் கதையைப் பேரப்பிள்ளைகளுக்கு மீண்டும் ஒருமுறை சொன்னார். போகும் வழியில் விசேடமாக ஏதும் நிகழவில்லை. தீர்த்தமும் நிறைவாக முடிந்தது. திரும்பும்போது நிகழ்ந்ததே எமது கதை.

தீர்த்தமாடிய ஈர உடைகளை என்ன செய்வது? மனைவியும் தங்கையும் அவற்றைப் பிழிந்து பையிலிட்டனர். நாமோ எமது வேட்டி வீடு சேருமுன் காய்ந்துவிடட்டும் என்று, வானின் கூரையோரமாக ஓடும் கைபிடிக் கம்பியில் அதை விரித்துத் தொங்கவிட்டோம். அக்கரைப்பற்றைக் கடந்ததும் அன்னையார், "மனே, காத்து நேரே தலையில அடிக்குது" என்றார். சாரதியிடம் சொல்லி விசிறியின் வேகத்தைக் குறைப்பித்தோம். குளிரின் அளவை மாற்றும்படி சொல்லவில்லை. இவ்விரண்டு செயல்களையும் நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

காரைதீவை அடைந்தபோது, 1892இல் அவ்வூரிற் பிறந்த சுவாமி விபுலாநந்தரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொன்னோம். யாழ் நூல் இயற்றிய தமிழறிஞராக மட்டுமே அவரை நினைக்கிறோம். விஞ்ஞானமும் கற்பித்தவர் அவர். விஞ்ஞானக் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் பணியிலும் உழைத்தவர். உயர்தர வகுப்பில் பௌதிகவியல் பயிலும் எம் மூத்த மகள், "அப்பா, உங்களுக்குக் கலைச்சொல் தெரியும், பொருள்தான் தெரியாது" என்று குறும்பாகச் சொன்னாள். அக்கூற்று எத்துணை உண்மை என்பதை ஒரு மணி நேரத்தில் அறிந்தோம்.

கல்முனையில் தேநீருக்காக இறங்கி ஏறினோம். அப்பொழுது கச்சான் சற்றே தணிந்து, கடற்காற்று கரையேறத் தொடங்கியிருந்தது, உடலிற் பிசுபிசுப்பு. கல்லாற்றுப் பாலங்களைத் தாண்டும்போது துவாரங்களிலிருந்து வரும் காற்று மெலிந்தது. களுவாஞ்சிகுடியில் அது மூச்சுவிடும் அளவாயிற்று. விசிறியின் இரைச்சல் மட்டும் குறையவில்லை. களுதாவளையில் தங்கையின் தோளில் கூரையிலிருந்து குளிர்ந்த நீர் சொட்டியது. அன்னையார் முந்தானையால் முகத்தை விசிறிக்கொண்டு ஒன்றும் பேசாதிருந்தார். அவர் பேசாதிருப்பதே எமக்கு அச்சம் தந்தது.

சாரதி வழியிலேயே தமக்குத் தெரிந்த ஒரு கராஜுக்குத் தொலைபேசியிற் பேசினார். வண்டியைக் காணாமலே அங்கிருந்து தீர்ப்பு வந்துவிட்டது: கொம்பிரசர் பழுது, புதிது போட வேண்டும். அதன் விலையைக் கேட்ட சாரதியின் முகம் வாடிற்று. இரண்டு மாதத் தவணைக்கு மேற்பட்ட தொகை அது. "சேர், போன மாசந்தான் அங்க கொடுத்து ஏசி எல்லாம் கழுவினது" என்றார். தேற்றாத்தீவில், கொம்புச்சந்திப் பிள்ளையார் ஆலயத்துக்கு அண்மையில் ஒரு மரநிழல் கண்டு வண்டியை நிறுத்தினோம்.

தேற்றாத்தீவு, பெயரளவில் தீவு. மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கே இருபது கிலோமீற்றருக்குச் சற்று மேலே, செட்டிபாளையத்துக்கும் களுதாவளைக்கும் இடையிலே, ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறம் வாவியும் அணைத்து நிற்கும் மணற்பாங்கான ஊர். தேற்றா மரங்கள் மலிந்திருந்தமையால் இப்பெயர் பெற்றது என்பர். தேற்றாங்கொட்டையை மட்பானையின் உட்புறத்திலே தேய்த்து, அதில் கலங்கல் நீரை ஊற்றி வைத்தால், நீரிலுள்ள நுண்துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு அடியிற் படிந்துவிடும். மேலே தெளிந்த நீர் நிற்கும். இம்மரத்துக்கு இல்லம் என்றொரு பழம்பெயரும் உண்டு. கலங்கிய நெஞ்சம் தெளிந்த ஒருத்திக்கு, இதன் விதையினால் தெளிவுற்ற நீரை உவமை கூறும் பாடல் கலித்தொகையின் நெய்தற்கலியிலே உள்ளது. இவற்றையெல்லாம் வகுப்பறையில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். ஆனால் அன்று கலங்கியிருந்த எம்மைத் தேற்றியவர் வேறொருவர்.

அருகிலிருந்த வீட்டிலிருந்து எழுபதை எட்டிய முதியவர் ஒருவர் வந்து, அன்னையாரைக் கண்டதும் வேறெதுவும் கேளாமல், "அக்கா, வாங்க, திண்ணையில இருங்க" என்று அழைத்துச் சென்று பாய் விரித்தார். அவர் மருமகள் இளநீர் வெட்டிக் கொடுத்தார். அதன் பின்னரே வண்டியருகே வந்தார். அதற்குள் சாரதி கூரையிலுள்ள பிளாத்திக்கு மூடியின் திருகாணிகளைக் கழற்றியிருந்தார். மூடி இறங்கியதும் உள்ளே கண்ட காட்சி! அலுமினியத் தகடுகள் சீப்பின் பற்களைப் போல நெருங்கி நிற்க வேண்டிய இடத்தில் தகடும் இல்லை, குழாயும் இல்லை. ஒரே வெள்ளைப் பாளம். இளைய மகன் கை நீட்டித் தொட்டு, "ஐஸ்!" என்று கூவினான்.

"இவ்வளவு பனி இருந்தால் குளிர் கூடத்தானே வேண்டும்?" என்றோம் நாம். மகள் சிரித்தாள். சாரதியோ திருகாணி முடுக்கியை எடுத்து அப்பாளத்தைக் குத்திப் பெயர்க்க முனைந்தார். முதியவர் அவருடைய மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார்.

"தம்பி, கையை எடுங்க. ஐஸ் தானா வந்தது, தானாப் போகும். குழாயில ஓட்டை விழுந்தால் காஸ் முழுக்கப் போயிரும். பிறகு உண்மையாவே செலவுதான்."

இருபது ஆண்டுகளுக்கு மேலாக, மீனவருக்குப் பனிக்கட்டி செய்யும் தொழிற்சாலையொன்றில் வேலை பார்த்தவர் அவர். அங்கே அமோனியா வாயுவைக் கொண்டு உப்புநீரைக் குளிர்வித்து, அந்நீருள் இறக்கிய தகரப் பெட்டிகளிலே நன்னீரை உறையச் செய்வார்களாம். குளிரூட்டிகளைத் 'தொன்' என்று அளக்கிறோமே, அதன் பொருளையும் அவரே சொன்னார்: 2,000 இறாத்தல் பனிக்கட்டியை ஒரு பகலும் இரவும் கொண்டு உருக்குவதற்கு எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அவ்வளவு வெப்பத்தை அதே நேரத்தில் அகற்றும் ஆற்றல் ஒரு தொன். பனிக்கட்டி வியாபாரத்தின் அளவையே இன்றும் எம் வீட்டுச் சுவர்ப் பெட்டிகளில் எழுதியிருக்கிறது! இதைக் கேட்ட அன்னையார், தம் சிறுவயதில் உமியிற் புதைத்துவந்த பனிக்கட்டியை வாங்கக் கோப்பையுடன் ஓடியதை நினைவுகூர்ந்தார். அவர் பேசத் தொடங்கியதும் எமக்கு உயிர் வந்தது.

முதியவர் செய்வித்த முதற்காரியம் மிக எளிது. இயந்திரத்தை ஓடவிட்டு, ஏசி பொத்தானை மட்டும் நிறுத்தி, விசிறியை முழு வேகத்தில் வைக்கச் சொன்னார். கதவுகளையெல்லாம் திறந்துவிட்டோம். எந்தக் காற்றுக்கு அஞ்சி வானை அமர்த்தினோமோ, அந்த வெங்காற்றே இப்பொழுது மருந்தாயிற்று. பனி உருகி நீராகச் சொரிய ஏறக்குறைய நாற்பது நிமிடங்கள் சென்றன. அந்நேரத்தில் மகளும் முதியவரும் நடத்திய சம்பாஷணையிலிருந்து நாம் விளங்கிக்கொண்டதை இங்கே தருகிறோம்.

இயந்திரத்தின் சக்தியால் ஓடும் அமுக்கி வாயுவை நெருக்கிச் சூடேற்றுகிறது. வண்டியின் முன்புறத்திலுள்ள ஒடுக்கியில் அது வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துத் திரவமாகிறது. அத்திரவம் ஊசித்துளை போன்ற ஒரு வாயிலூடாகப் புகுந்ததும் அழுத்தம் வீழ்கிறது. வீழவே, ஆவியாக்கியின் குழாய்களுக்குள்ளே கொதிக்கத் தொடங்குகிறது. கொதிப்பதற்கு வேண்டிய வெப்பத்தை வண்டிக்குள் இருக்கும் காற்றிலிருந்து உறிஞ்சுகிறது. அதுவே எமக்குக் குளிர். (அமுக்கி, ஒடுக்கி, ஆவியாக்கி என்பன எமது சொற்கள். சாரதிக்கு அவை கொம்பிரசர், கொண்டென்சர், கூலிங் கொயில். அன்று அவருடைய சொற்களே வேலை செய்தன என்பதை ஒரு தமிழாசிரியராகச் சற்று மனத்தாங்கலுடன் ஒப்புக்கொள்கிறோம்.)

இன்றைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் இருக்கும் ஆர் 134ஏ என்னும் வாயு, மானியில் 30 இறாத்தல் அழுத்தம் காட்டும்போது ஏறத்தாழ 2 பாகை செல்சியசில் கொதிக்கும். 20 இறாத்தலுக்கு இறங்கினால் சுழியத்துக்கும் 5 பாகை கீழே போய்விடும். ஆகவே நீர் உறையும் எல்லையின் விளிம்பிலேயே அக்குழாய்கள் எப்பொழுதும் நிற்கின்றன. அவ்விளிம்பைத் தாண்டி விழாமல் தாங்குவது எது? மேலே படும் காற்றின் வெப்பமே. காற்று குறைந்தால் கொதிப்பதற்கு வெப்பம் இல்லை. கொதிப்பு மந்தமாக அழுத்தம் வீழ்கிறது. தகடுகளில் வியர்த்து வடிய வேண்டிய நீர் அங்கேயே உறைகிறது. உறைந்த பனி தகடுகளின் இடைவெளியை அடைக்கிறது. அடைக்கவே காற்று மேலும் குறைகிறது. பனி கண்டால் குளிர் மிகுந்தது என்று எண்ணிய எமது பேதைமையை என்னென்பது! காற்று நின்றுபோனது என்பதையல்லவா அது அறிவித்தது.

காற்றை நிறுத்தியவர் யார் என்ற விசாரணை அடுத்து நடந்தது. முதலாவது எதிரி எமது வேட்டி. கூரைப் பெட்டி காற்றை உள்ளிழுக்கும் கம்பிவலைக்கு நேரே, அதை முற்றாக மூடிக்கொண்டு தொங்கியது. போதாக்குறைக்குத் தன் ஈரத்தையும் ஊட்டியது. இரண்டாவது எதிரியும் நாமே: கடுங்குளிரில் வைத்த பெட்டிக்கு விசிறியை மட்டும் மந்தமாக்கினோம். அன்னையாருக்குத் தலையில் காற்றுப் படாதிருக்க, துவாரத்தை வேறு பக்கம் திருப்பியிருக்கலாம். அல்லது குளிரின் அளவைக் குறைத்திருக்கலாம். மூன்றாவது, வலைக்குப் பின்னாலிருந்த தூசி வடி. அதை வெளியே எடுத்தபோது செங்கபில நிறத்தில் கம்பளம் போலிருந்தது. படுவான்கரையின் கிறவல் வீதிகளில் ஒரு தவணை முழுவதும் ஓடியதன் பலன். மண்முனையில் 2014இல் பாலம் திறந்த பின், முன்னர் ஓடத்தில் கடந்த வழியை இப்பொழுது வண்டிகள் எளிதிற் கடக்கின்றன. ஆனால் அக்கரையில் உள்ளொழுங்கைகள் பலவற்றில் கிறவற் புழுதி இன்னும் பறக்கிறது. கராஜில் தகடுகளைக் கழுவியவர்கள் இவ்வடியைத் தொடவேயில்லை.

வடியைக் கிணற்று நீரில் அலசி உதறி வெயிலில் வைத்தோம். கச்சான் அதைப் பத்து நிமிடத்தில் உலர்த்தித் தந்தது. பனி உருகித் தகடுகள் தெரிந்ததும் பொத்தானை அழுத்த, பழைய வேகத்தில் குளிர்ந்த காற்று வந்தது. பிள்ளைகள் ஆரவாரித்தார்கள். நாம் புறப்பட ஆயத்தமானோம். முதியவர் மட்டும் அசையவில்லை. இயந்திரத்தின் பக்கம் செவியைச் சாய்த்து நின்றார்.

"கொம்பிரசர் விட்டு விட்டு ஓடவேணும், தம்பி. நின்று பிடிக்கிற 'டிக்' சத்தம் வரவேயில்லையே."

குழாய்கள் உறையும் எல்லையை அணுகும்போது அமுக்கியை நிறுத்துவதற்கென்று, தகடுகளின் இடையே வெப்பத்தை உணரும் சிறுகம்பி ஒன்று செருகப்பட்டிருக்குமாம். சாரதி கைவிளக்கைப் பிடித்துத் தேடினார். அக்கம்பி தன் இடத்தை விட்டுக் கழன்று, பெட்டியின் ஓரத்திலே வெறுங்காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. கழுவியபோது எடுத்தவர் திரும்பச் செருக மறந்திருக்கிறார். வேட்டி, விசிறி, புழுதி மூன்றும் சேர்ந்தாலும் இக்காவலாளி தன் இடத்தில் நின்றிருந்தால் இவ்வளவு பனி உறைந்திராது. கம்பியைத் தகடுகளிடையே செருகிய சில நிமிடங்களில் 'டிக்' என்றது. சற்றுப் பொறுத்து மீண்டும் 'டிக்'.

இவ்வளவு எளிதாக எல்லோருக்கும் முடியும் என்று நாம் கூற வரவில்லை. வாயு கசிந்து குறைந்தாலும் அழுத்தம் வீழ்ந்து பனி பிடிக்கும். ஆனால் அப்பொழுது வாயு நுழையும் முனையில் மட்டும் பனி தொடங்கும், மற்றைய பகுதி வெதுவெதுப்பாகவே இருக்கும் என்றார் முதியவர். வாயுவுடன் ஈரம் கலந்திருந்தால் அந்த ஊசித்துளை வாயிலிலேயே நீர் உறைந்து வழி அடைபடும். வண்டி ஓய்ந்து நின்ற பின் தானே சரியாகி, மறுபடியும் அடைக்கும். இவ்விரண்டும் கராஜுக்குரிய நோய்கள். கசிவைக் கண்டு அடைக்காமல் வாயுவை மட்டும் மீண்டும் மீண்டும் நிரப்புவிப்பவர்கள் பணத்தை இழப்பதோடு வேறொரு தீங்கும் செய்கிறார்கள். பழைய வண்டிகளிலிருந்த வாயு ஓசோன் படலத்தை அரிக்கும் என்று மொலினா, ரோலண்ட் என்னும் இரு விஞ்ஞானிகள் 1974இல் எடுத்துக்காட்டினர். 1987ஆம் ஆண்டு மொன்றியல் உடன்படிக்கை அதற்கு முடிவு கட்டத் தொடங்கிற்று. அதன் இடத்துக்கு வந்த ஆர் 134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் எடைக்கு எடை கரியமில வாயுவை விட ஆயிரம் மடங்குக்கும் மேலாகப் புவியை வெப்பமாக்கும். கச்சான் இனியும் சூடேற வேண்டுமா?

பனி பிடித்தபடியே நாம் நகர் வரை ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சாரதி கேட்டார். கொதிக்காத திரவம் அப்படியே அமுக்கிக்குள் திரும்பிப் போய் அதை உடைத்திருக்கக் கூடும் என்றார் முதியவர். கராஜின் தீர்ப்பு அப்பொழுது மெய்யாகியிருக்கும்.

கூலியாக ஏதும் வாங்க அவர் இசையவில்லை. அன்னையார் கேட்டதற்காகத் தம் வீட்டிலிருந்த தேற்றாங்கொட்டைகளில் ஒரு கைப்பிடி கொண்டுவந்து கொடுத்தார். "இப்ப ஆர் அக்கா பானையில உரசுறாங்க? எல்லாம் போத்தல் தண்ணிதானே" என்று சிரித்தார். செட்டிபாளையம், குருக்கள்மடம், கிரான்குளம், தாழங்குடா என்று ஊர்கள் பின்னோடின. ஆரையம்பதியில் அன்னையார் உறங்கிவிட்டார். கல்லடிப் பாலத்தை அடைந்தபோது வாவியின் மேலே மாலைச் செவ்வொளி படர்ந்திருந்தது. வீட்டு வாயிலில் பைகளை இறக்கி எண்ணியபோதுதான் நினைவு வந்தது: வேட்டியை முதியவர் வீட்டு வேலியிலே காயப்போட்டுவிட்டு வந்திருந்தோம்.

அடுத்த ஞாயிறன்று சாரதி அதை மடித்துக் கொண்டுவந்து தந்தார். களுதாவளை வெற்றிலைக் கட்டொன்றை வாங்கி முதியவரிடம் கொடுத்துவிட்டு வந்தாராம். வடியையும் மீண்டும் அலசினாராம்.

"பிறகு பனி பிடிக்கவில்லையா?" என்று கேட்டோம்.

"இல்லை, சேர். ஆனால் அந்த 'டிக்' சத்தம் வருதா வருதா என்று கேட்டுக்கேட்டு, இப்ப எனக்குப் பாட்டுப் போட்டு ஓடவே மனம் வருதில்லை" என்றார்.